வண்டி போகலாம், நம்பர் போகக்கூடாது

கிள்ளானில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், என் வண்டியைத் தெரியாதவர் கிடையாது. பெரிய வண்டி என்று இன்றைக்கு நிறைய பேர் வைத்திருக்கிறார்கள். என்னுடையதை அவற்றின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அதெல்லாம் கன்றுக்குட்டி மாதிரி தெரியும். ஜப்பான்காரன் செய்தது. எட்டு சிலிண்டர், எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். சாவியைத் திருகினால் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து குறை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை வந்தபோது குறை சொல்லவில்லை; தன் மகளைக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப்போக அதே வண்டியைக் கேட்டார். கொடுத்தேன். நானே ஓட்டினேன். அன்றைக்கு மாப்பிள்ளையைவிட என்னைப் படம் எடுத்தவர்கள் அதிகம்.

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனவன். அதற்குமேல் படித்ததெல்லாம் லோரியில். முதலில் கெலிண்டான், அதாவது ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துபோய் சாமான் இறக்கும் ஆள். பிறகு ஓட்டுநர். பிறகு ஒரு பழைய லோரிக்குச் சொந்தக்காரன். கடைசியில் துறைமுகத்திலிருந்து சாமான் ஏற்றும் பதினொரு லோரிக்கு முதலாளி. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. தூக்கிவிட்டேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிற இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் காலத்தில் என்னைக் கண்டால் காப்பிக் கடையின் பின்வாசல் வழியாகப் போனவர்கள்.

அந்த முதல் லோரியின் நம்பரைக் கூட்டினால் ஒன்பது வரும். என் வாழ்க்கையில் நல்லது எல்லாம் அந்த நம்பருக்குப் பிறகுதான் வந்தது. லோரி பழைய இரும்புக்குப் போனபோது நம்பரைக் கழற்றி வேனுக்கு மாற்றினேன். வேனிலிருந்து காருக்கு, காரிலிருந்து இந்தப் பெரிய வண்டிக்கு. நம் நாட்டில் வண்டியை விற்றால் நம்பரும் அதோடு போய்விடும். வேண்டுமென்றால் விற்பதற்கு முன்பே வாகன அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, குடும்பத்து வண்டி ஒன்றோடு நம்பரை மாற்றிக்கொள்ள வேண்டும். இதன் நம்பர் அதற்கு, அதன் நம்பர் இதற்கு. நம்பரை வெறும் கையில் வைத்துக்கொள்ள முடியாது. அது உட்கார ஒரு வண்டி வேண்டும்.

என்ன நம்பர் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே பத்துப் பேர் நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குப் போய் அதன்மேல் பணம் கட்டுவார்கள். விழுந்தால் எனக்கு ஒரு டீ கூட வாங்கித் தர மாட்டார்கள். விழாவிட்டால் என்னைத்தான் திட்டுவார்கள்.

வண்டியை விற்பது என்று நானாகத்தான் முடிவு செய்தேன். யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு ஒரு நாள் இருக்கிறது. என் ஒரே மகள் மின்சார வண்டி வாங்கி, பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் பூசை போட்ட நாள்.

மகள் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். பெரிய படிப்பு, பெரிய வேலை. எல்லாம் நான் லோரி ஓட்டிப் படிக்க வைத்தது. அன்று காலை நானும் என் மனைவியும் கிள்ளானிலிருந்து பெரிய வண்டியில் போனோம். கோயில் தெருவில் இடமே இல்லை. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பக்கத்தில் இருந்த மாடிக் கார்நிறுத்தத்துக்குள் விட்டேன். உள்ளே நத்தை ஓடு மாதிரி சுழன்று சுழன்று மேலே ஏறும் பாதை.

"ஏங்க, இது ஏறாதுங்க" என்றாள் மனைவி.

"கேமரன் மலைக்கே லோரி ஏத்துனவன் நான்."

"மலையில சுவரு இல்லைங்க."

முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் வலப்பக்கக் கண்ணாடி சுவரைத் தொட்டது. பின்னால் எடுத்தேன். இடது பின்சக்கரம் கல்விளிம்பில் ஏறிக்கொண்டது. முன்னால் எடுத்தால் சுவர், பின்னால் எடுத்தால் ஆள். அதற்குள் பின்னால் ஏழெட்டு வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒருவன் ஹார்ன் அடித்தான். அந்தச் சுழல் பாதைக்குள் அது பத்து ஹார்ன் மாதிரி கேட்டது. உடனே எல்லாரும் அடிக்க ஆரம்பித்தார்கள். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் இருந்த சின்னக் காரிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"அங்கிள், நான் பாத்து சொல்றேன், நீங்க மெதுவா எடுங்க."

"எனக்கே சொல்றியாம்மா?"

"பின்ன யாருக்கு அங்கிள் சொல்றது? நீங்கதானே மாட்டிக்கிட்டீங்க."

என் மனைவி பழத்தட்டை எடுத்துக்கொண்டாள், கதவைத் திறந்தாள், அந்த உயரத்திலிருந்து ஒரு காலை ஊன்றி மெல்ல இறங்கினாள், சுவரோரமாக நடந்து கீழே போய்விட்டாள். ஓட்டுகிறவனை விட்டு ஆள் இறங்கிப் போவது என்பது என்ன என்று லோரிக்காரனுக்குத்தான் தெரியும்.

பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்வாங்கிய பிறகே நான் வெளியே வர முடிந்தது. முன்கதவிலிருந்து பின்கதவு வரை ஒரு நீளக் கோடு. வண்டியைத் தொலைவில் எங்கேயோ விட்டுவிட்டு வெயிலில் நடந்து கோயிலுக்குப் போனேன்.

அங்கே எல்லாரும் எனக்காகத்தான் காத்திருந்தார்கள். ஐயர், மருமகன், சாலாக் செலாத்தானிலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டார். வெள்ளை வண்டி மாலை போட்டு நின்றது. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. வீட்டுப் பெரியவர் ஏறி உட்கார்ந்து, பழங்களை நசுக்கி, வண்டியை முதலில் உருட்டுவது எங்கள் வழக்கம். மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, வாங்க, நீங்கதான் உக்காந்து எடுக்கணும். உங்களுக்கு ஒண்ணு சொல்லணும், மொதல்ல உக்காருங்க."

நான் அவளைப் பார்க்கவில்லை. வண்டியின் நம்பரைப் பார்த்தேன். அதில் இரண்டு எட்டு. கூட்டினாலும் எட்டு.

எட்டு சனி என்பது என் எண்ணம். இன்றைக்கும் அதுதான். லோரித் தொழிலில் கூட்டினால் எட்டு வரும் வண்டியை எனக்கு யாராவது இனாமாகக் கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். அதோடு அன்று கார்நிறுத்தத்தில் பட்ட சூடும் இன்னும் இறங்கவில்லை.

"எட்டா? சனியப் போயி காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கியா? எட்டு நுழைஞ்ச வீடு விளங்காது. நான் கால் வைக்க மாட்டேன்" என்றேன். எல்லாரும் அமைதியாகிவிட்டதால் கொஞ்சம் பகடியாகவும் சொல்லிவைத்தேன். "அதுவும் சத்தமே வராத வண்டி. மிக்ஸிக்குப் பூசை போடற மாதிரி இருக்கு."

சம்பந்தி சிரித்தார். ஐயரும் சிரித்தார். மகள் என் கையை விட்டாள். செருப்பைக் கழற்றினாள், தானே ஏறி உட்கார்ந்தாள், வண்டியை உருட்டினாள். வண்டியும் சத்தம் போடவில்லை, அவளும் போடவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கிள்ளானுக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். எங்கள் வாசல் கொட்டகையை என் வண்டி அடைத்துக்கொண்டு நிற்கும். அவள் தன் வண்டியை வெளியே சாக்கடையோரம் விட்டுவிட்டு வருவாள். நேரே அடுப்படிக்குப் போவாள். போகும்போது என் பக்கம் திரும்பி, "சாப்டீங்களாப்பா?" என்பாள். நான் "ம்" என்பேன். அவ்வளவுதான். தாயும் மகளும் உள்ளே பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்கும். நான் போனால் நின்றுவிடும். ஒரு வீட்டில் பேச்சு நிற்பதற்காகவே ஒருவன் நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

கோடு விழுந்த கதவுக்குச் சாயம் அடித்து வண்டியை விற்கக் கொடுத்தேன். லோரிகளை ஏற்கனவே விற்றாகிவிட்டது. இத்தனை பெரிய எஞ்சினுக்குச் சாலை வரி, பெட்ரோல் எல்லாம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்கு? விற்றுத் தருகிற தரகர் எனக்கு வேண்டியவர். முன்னே என்னிடம் கெலிண்டானாக இருந்தவர், இப்போது கிள்ளானில் பழைய கார் விற்கிறார். பொய் சொல்லத் தெரியாது. அதனால்தான் இன்னும் பெரிய ஆளாக வரவில்லை.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கொண்டாந்திருந்தா பிடுங்கிக்கிட்டுப் போயிருப்பானுங்கண்ணே" என்றார். "இப்ப வர்றவன்லாம் மொதல்ல கேக்குறது, ஒரு சார்ஜ்ல எவ்ளோ தூரம் ஓடும்னுதான்."

"இது ஒரு டேங்க்ல கோத்தா பாரு போவும்னு சொல்லு."

"சொன்னேண்ணே. டேங்க் ரொப்ப எவ்ளோ ஆவும்னு கேட்டான். அதையும் சொன்னேன். போய்ட்டான் லா."

மாதங்கள் போயின. ஒருவன் வந்து வண்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான். ஒருவன் இந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு பேட்டரி வைக்க முடியுமா என்று கேட்டான். இன்னொருவன் சொன்ன விலையை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஒவ்வொரு முறையும் தரகர் போன் அடிக்கும்போது விலை ஒரு படி இறங்கியிருக்கும். நான் போனை வைத்துவிடுவேன். வெளியே போய் வண்டியைத் துடைப்பேன். எங்கள் வரிசையிலேயே மூன்று வீட்டில் மின்சார வண்டி வந்துவிட்டது. சுவரில் குழாய் மாதிரி ஒன்றை மாட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி வண்டியை அதில் கட்டிப் போடுகிறார்கள்.

கடைசியில் ஒரு ஆள் வந்தார். பகாங் மலைப் பக்கம் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, என் வயதுக்குக் கொஞ்சம் கீழே. அரைக்கால் சட்டை, சேறு காயாத ரப்பர் காலணி. வந்ததும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். எழுந்து, எஞ்சினைப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதைப் பார்த்தபோதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இந்த ஆளும் என்னைப்போல் ஒன்றுமில்லாமல் வந்த ஆள்தான்.

"மலைல கரண்ட் எங்க இருக்கு?" என்று மலாயில் சொன்னார். "மழை பேஞ்சா என் தோட்டத்துப் பாதை ஆறு. எனக்கு இதுதான் வேணும்."

அவர் சொன்ன விலை நான் மனத்தில் வைத்திருந்ததற்குப் பக்கத்தில் இருந்தது. கை கொடுக்கப் போனேன். அப்போதுதான் அவர் வண்டியின் முன்னால் போய் நம்பரைத் தடவிப் பார்த்தார்.

"நொம்போர் செக்காலி" என்றார். நம்பரும் சேர்த்து என்று அர்த்தம்.

"நம்பர் கிடையாது."

"அப்ப அந்த வெலையும் கிடையாது. வண்டிக்கு நல்ல நம்பர் இல்லாம நான் மலை ஏறுறதில்ல." சனிக்கிழமை காலை பணத்தோடு வருவதாகவும், நல்ல நம்பர் இல்லையென்றால் ரவாங்கில் பார்த்து வைத்திருக்கும் இன்னொரு வண்டியை எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அன்று புதன்கிழமை.

தரகர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணே, உங்க மக வண்டியில ரெண்டு எட்டு இருக்குல்ல? சீனவங்களுக்கு எட்டுன்னா உயிரு. உங்க ஒன்பத மக வண்டிக்குப் போடுங்க, அந்த எட்ட இதுக்குப் போடுங்க. தவுக்கேக்கு சந்தோஷம். உங்க நம்பரும் வீட்டுலயே இருக்கும். சனியும் மலைக்குப் போயிடும். வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தணும், அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவருக்கு என்ன, சொல்லிவிட்டார். நான் மகளிடம் கேட்க வேண்டும். பதினொரு லோரிக்கு முதலாளியாக இருந்த காலத்தில்கூட நான் யாரிடமும் போய்க் கேட்டு நின்றதில்லை. அன்று மாலை போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே கேளேன்" என்றேன்.

"ஏன், வாயி உங்களுக்குத்தானே பெருசு?"

ஆனாலும் அவள்தான் போன் செய்தாள். எனக்குக் கேட்டதெல்லாம் இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும். விஷயத்தைச் சொன்னாள். பிறகு "ம்." "ம்." "சரிம்மா."

"என்ன சொன்னா?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வர்றாளாம்."

"மாத்திக் குடுப்பாளாமா?"

"வர்றேன்னுதான் சொன்னா. மிச்சத்த உங்கள நேர்ல கேக்கச் சொன்னா."

வெள்ளிக்கிழமை காலையிலேயே தரகர் பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டு ஷா ஆலம் பக்கம் இருக்கும் வாகன அலுவலகத்துக்குப் போய்விட்டார். தொழுகை இடைவேளை முடிந்து அலுவலகம் மறுபடி திறந்து, மாலை அடைப்பதற்குள் நாங்கள் போய்ச் சேர வேண்டும். மகள் வந்தாள். இறங்கவில்லை. "ஏறுங்கப்பா" என்றாள்.

அந்த எட்டு நம்பர் வண்டியில் நான் முதல் முறையாக உட்கார்ந்தேன். உட்காரும்போது இடது காலை முதலில் வைத்தேனா வலது காலையா என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. என்னைப்போன்றவனுக்கு அது மறப்பதென்றால், என் மனம் அன்று இருந்த நிலையைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. கிள்ளான் மழை தெரியுமல்லவா, வானத்திலிருந்து கொட்டாமல் பக்கத்திலிருந்து அடிக்கும். வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. எதிரே பெரிய திரையில் பேட்டரி பதினான்கு விழுக்காடு என்று காட்டியது.

"ஏன் இவ்ளோ கம்மியா இருக்கு?"

"கொண்டோவுல சார்ஜர் கிடைக்கலப்பா. வேற ஆளு போட்டிருந்தாங்க."

"நடுவழியில நின்னுட்டா?"

"நிக்காது."

"ஏர்கோன அடைச்சிரு."

"அதனால பெருசா ஒண்ணும் கொறையாதுப்பா."

"அடைச்சிருன்னேன்ல."

அடைத்தாள். மழையால் கண்ணாடியைத் திறக்க முடியவில்லை. உள்ளே வெந்தது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. அவள் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினாள். பத்தடி நகர்வோம், நிற்போம். எஞ்சின் சத்தமும் இல்லை. லோரியில் இரண்டு பேர் பேசாமல் போனால்கூட எஞ்சின் பேசிக்கொண்டு வரும். இதில் மழையும் துடைப்பானும் மட்டும்தான். என் மூச்சு எனக்கே கேட்டது. தரகர் போன் அடித்தார். "எங்கண்ணே இருக்கீங்க? கவுண்டர்ல ஆளு கொறைஞ்சுட்டாங்க, சீக்கிரம் வாங்க." திரை பதினொன்று காட்டியது.

"கேளுங்கப்பா" என்றாள் மகள்.

"என்னத்த?"

"அம்மா கேக்கச் சொன்னாங்கல்ல, அத."

நான் தொண்டையைச் செருமினேன். "உன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன். அந்த எட்டு உனக்கு வேணாம். என் ஒன்பத எடுத்துக்க. நான் சேத்த ஆஸ்தியிலயே பெரிய ஆஸ்தி அதுதான். வேற எவனுக்கும் குடுக்க மாட்டேன்."

"நான் கேக்கச் சொன்னேன். நீங்க குடுக்கறீங்க."

பக்கத்து வரிசையில் ஒரு கொள்கலன் லோரி எங்கள்மேல் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது. அவள் அசையவில்லை.

"உங்க வண்டிக்கு எத்தனை சிலிண்டர்?"

"எட்டு."

"எத்தனை சீட்டு?"

"எட்டு."

"அதெல்லாம் சனி இல்லையா?"

"அது உள்ள இருக்கு. நம்பர்தானே வெளிய தெரியுது."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நான் எப்பப்பா பொறந்தேன்?"

"சித்திரை மாசம். அஸ்த நட்சத்திரம். செவ்வாக்கெழம." கேட்ட உடனே சொன்னேன். இதெல்லாம் எனக்கு மறக்காது.

"தேதி?"

அவள் பிறந்தபோது நான் குவாந்தானில் இருந்தேன். லோரியின் பின்பக்க ஸ்பிரிங் உடைந்து, சாமானோடு மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபோது பிள்ளை பிறந்து, பெயரும் யோசித்து வைத்துவிட்டார்கள். நட்சத்திரத்தை மட்டும் சொன்னார்கள், பிடித்துக்கொண்டேன். பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடம், இதெல்லாம் என் மனைவியின் கையெழுத்து. கேக் வெட்டிய வருடங்களில் பாதி நான் சாலையில். மிச்சப் பாதியில் கேக்கைச் சாப்பிட்டேன், தேதியைக் கேட்கவில்லை.

"எட்டுப்பா" என்றாள். "எட்டாம் தேதி. அந்த நம்பர நான் காசு குடுத்து வாங்கல, தானா வந்துச்சு. கார் விக்கிறவங்க போன்ல சொன்னப்ப நான் சிரிச்சிட்டேன், என் பொறந்த நாளு என்னத் தேடி வந்திருக்குன்னு. அத உங்ககிட்ட சொல்லத்தான் அன்னிக்கு கோயில்ல உங்கள மொதல்ல உக்காரச் சொன்னேன்."

எட்டு நுழைந்த வீடு விளங்காது என்று சம்பந்தி முன்னால் நான் சொன்னது காதில் மறுபடி கேட்டது. என் குரலிலேயே கேட்டது, நல்ல உரத்த குரல்.

மழை விட்டபாடில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை, மணியையும் பார்க்கவில்லை. அலுவலக வாசலில் போய் நின்றபோது தரகர் குடையோடு ஓடி வந்தார், கக்கத்தில் கோப்பு.

"அண்ணே, இன்னும் கொஞ்ச நேரத்துல அடைச்சிருவாங்க, எறங்குங்க, எறங்குங்க!"

மகள் குனிந்து தன் பக்கத்துப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அவள் வண்டியின் பத்திரம், அடையாள அட்டை, எல்லாம் அதில் இருந்தன. வீட்டிலிருந்து வரும்போதே எடுத்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் ஒழுங்காகக் கேட்பதற்கு முன்பே. இறங்கி மழையில் நின்றுகொண்டு, "வாங்கப்பா" என்றாள்.

எதிரே என் பெரிய வண்டி நனைந்துகொண்டு நின்றது. அதன் மூக்கில் என் நம்பர். தார்ப்பாய் கட்டிய அந்தப் பழைய லோரியின் முன்பக்கத்தில், வெள்ளைச் சாயத்தில் நானே பார்த்துப் பார்த்து எழுதிய அதே இலக்கங்கள். எனக்கு எழுதத் தெரிந்தது கொஞ்சம்தான். அதில் முதலில் நன்றாக எழுதப் பழகியது என் பெயரையல்ல, அந்த நம்பரைத்தான்.

நான் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினேன்.

"நம்பரோடயே குடுத்துரு" என்றேன் தரகரிடம்.

"என்னண்ணே?"

"தவுக்கே கேட்டது ஒன்பதுதானே? ஒன்பதோடயே போவட்டும்."

"அண்ணே, மண்டையில வெயில் அடிச்சிருச்சா? மழையில்ல பேயுது! மொதல் லோரி நம்பர்ண்ணே அது. நானே அந்த லோரியில சாமான் எறக்கியிருக்கேன்."

"அதான் சொல்றேன்ல. போய் வண்டிய எடுத்துட்டு வீட்டுக்கு வா. இங்க ஒரு வேலையும் இல்ல."

மகள் குடைக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றாள். "அப்பா, நான் குடுக்கத்தான் வந்தேன்."

"தெரியும். அதனாலதான் வேணாங்கறேன். ஏறு, நனையாத."

"இங்க பாருங்க, இத வச்சி நாளைக்கு என்னைக் குத்திக் காட்டக் கூடாது."

"காட்டுவேன். சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன். ஒனக்காக என் நம்பரையே விட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்."

அப்போதுதான் சிரித்தாள். நனைந்த முகத்தோடு வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு, தரகர் வாயைப் பிளந்து பார்க்கப் பார்க்கச் சிரித்தாள். ஏர்கோனைப் போடச் சொன்னது நான்தான்.

சனிக்கிழமை காலை தவுக்கே சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கூடவே இரண்டு கூடை டுரியான். நான் விடியலிலேயே வண்டியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். அழுக்கு வண்டியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. கைமாற்றும் வேலை முடிந்ததும் அவர் மறுபடி நம்பரைத் தடவினார்.

"நல்ல நம்பர். ஏன் விட்ட?" என்று கேட்டார்.

"வீட்ல வேற நம்பர் இருக்கு" என்றேன்.

மகள் இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள்; வெளியே சாக்கடையோரம் நின்ற அவள் வண்டியை அப்போதுதான் பார்த்தார். கண் விரிந்தது. "ஐயோ, எட்டு எட்டு! அது விக்கிறதா?"

"அதோட மொதலாளி உள்ள இருக்கா. அவள கேளு."

அடுப்படி ஜன்னல் வழியாக மகள் மலாயில் பதில் சொன்னாள். "விக்கிறதில்ல, தவுக்கே! டுரியானை மட்டும் வச்சிட்டுப் போங்க!"

என் வண்டி தெருமுனை திரும்பும் வரை சத்தம் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் கடைசியாக ஒரு முறை அதிர்ந்தது. அப்புறம் வாசல் கொட்டகை வெறிச்சென்று கிடந்தது. அத்தனை வருடம் வெயில் படாத தரை, வண்டியின் அளவுக்கு வேறு நிறத்தில் இருந்தது. அங்கே இவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

மனைவி நான்கு எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். யாரும் சொல்லவில்லை. மகளின் வண்டியை வாசல் கேட்டுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி, குனிய முடியாமல் குனிந்து நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொன்றாக வைத்தாள். மகள் இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். இந்த முறை என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நானே ஏறினேன். வலது காலை முதலில் வைத்து.

"காலை மெதுவா அழுத்துங்கப்பா. எடுத்தீங்கன்னா அதுவே பிரேக் பிடிக்கும், பயப்படாதீங்க."

பயமா? பாரம் ஏற்றிய லோரியைக் காராக் மலை இறக்கத்தில் சின்ன கியரில் போட்டுக் காலை எடுத்தால் இப்படித்தான் பிடித்து நிறுத்தும். மருமகனுக்கு இது பழக ஒரு வாரம் ஆனதாம். எனக்கு எங்கள் வீட்டுக் கேட்டைத் தாண்டுவதற்குள் பழகிவிட்டது. இதைப் பிறகு மருமகனிடமும் சொன்னேன்.

காலை அழுத்தினேன். வண்டி நகர்ந்தது. எத்தனையோ லோரிக்கும் வண்டிக்கும் நான் பழம் நசுக்கியிருக்கிறேன். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டது. பட்டென்று தோல் வெடித்துச் சாறு தெறிப்பது, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, தனித்தனியாக. வாசனை கண்ணாடி வழியாக உள்ளே வந்தது. வண்டியைக் கொட்டகையின் நடுவில், முன்னே பெரிய வண்டி நின்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டு பக்கமும் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் மிச்சமிருந்தது.

"கேட்டுச்சா சத்தம்?" என்றேன் இறங்கும்போது. "எவன் சொன்னான் இந்த வண்டியில சத்தம் வராதுன்னு?"

"நீங்கதான்" என்றாள் என் மனைவி, சக்கரத்தில் ஒட்டியிருந்த பழத்தோலைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே.